விஷம் பார்க்கப் பெண் எலி, மருந்து பார்க்க ஆண் எலி

“ஃபீமேல் வேண்டாம்மா. சைக்கிள் குழப்பிவிடும். எல்லாரும் மேல்தான் எடுக்கிறாங்க, நீயும் அதையே எடு.”

திருவெறும்பூரிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடக்கூடிய ஒரு கல்லூரி. எம்.பார்ம் மாணவி ஒருத்தி தன் ஆய்வுத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்வரிசையில் வெளியாளாக உட்கார்ந்திருந்தேன். மருதம்பட்டைச் சாறு இதயத்தைக் காக்கிறதா என்பது அவளுடைய கேள்வி. எலிக்கு ஐசோபுரோட்டரெனால் என்ற மருந்தைத் தினமும் தோலடியில் ஊசியாகப் போட்டுவந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இதயச் சுவர் தடித்து இதயம் பெருத்துவிடும். ஒரு பிரிவுக்கு ஊசி மட்டும், ஒரு பிரிவுக்கு ஊசியோடு பட்டைச் சாறு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு பிரிவு. மொத்தம் 24 எலி. பாதி ஆண், பாதி பெண் என்று எழுதியிருந்தாள். வழிகாட்டி அந்த வரியை அடித்து, ‘ஆண் விஸ்டார், 150–200 கிராம்’ என்று மேலே எழுதினார். “எங்க அம்மா குடிக்கிற கஷாயம் சார் இது” என்றாள் அவள். அதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த வழிகாட்டி மீது எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது மருந்தியல் கூடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் கருத்து. அவர் தன் ஆசிரியரிடம் கேட்டதைத் தன் மாணவியிடம் சொன்னார். கோபம் அந்தக் கருத்தின் மீதுதான். அது தவறு. தவறு என்பதற்கான ஆதாரம் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கண்முன்னே கிடக்கிறது.

முதலில் அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கொரு சூல்சுழற்சி. அதற்கேற்ப ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் இதயத்தின் மீதும் வேலை செய்யும் ஹார்மோன். ஒரு கூண்டில் ஆறு பெண் எலி இருந்தால் ஆறும் சுழற்சியின் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும். அளவீடுகள் சிதறும். ஆறே எலி உள்ள பிரிவில் அந்தச் சிதறல் மருந்தின் உண்மையான விளைவை விழுங்கிவிடலாம். சுழற்சியைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் தினமும் காலையில் யோனித் திரவம் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் இல்லை. முந்தைய ஆய்வுகள் ஆண் எலியில் நடந்தவை, ஒப்பிட அதே எலிதான் வேண்டும். இரு பாலும் என்றால் எண்ணிக்கை இரட்டிக்கும். நெறிமுறைக் குழுவோ எண்ணிக்கையைக் குறை என்கிறது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் ஒரு பம்பு, அதில் ஆண் என்ன பெண் என்ன? அப்படியே வேறுபாடு இருந்தாலும், ஐசோபுரோட்டரெனாலில் அதிகம் அடிபடுவது ஆண் எலியின் இதயம் என்பதால், அங்கே பலித்த மருந்து பெண்ணிலும் பலிக்கும். மிச்சமிருப்பதை மனிதச் சோதனை பார்த்துக்கொள்ளும்.

இவற்றில் எதுவும் முட்டாள்தனமான வாதமில்லை. ஒவ்வொன்றும் கேட்கும்போது நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆகவே ஒவ்வொன்றாகவே எடுக்கிறேன்.

1. குழப்பும் என்கிறார்களே, யார் அளந்து பார்த்தார்கள்?

அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2014இல் பிரெண்டர்காஸ்ட், ஒனிஷி, சூக்கர் என்ற மூவர், ஆண் சுண்டெலியையும் பெண் சுண்டெலியையும் வைத்து நடந்த 293 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி, எந்தப் பாலின் அளவீடுகள் அதிகம் சிதறுகின்றன என்று கணக்கிட்டார்கள். பெண் எலிகளின் சுழற்சியை யாரும் கண்காணிக்காத ஆய்வுகள் அவை. எந்த நாள் கைக்கு எந்த எலி கிடைத்ததோ அதை அளந்தவை. அப்படியிருந்தும் பெண் சுண்டெலியின் சிதறல் ஆணுடையதைவிட அதிகமாக இல்லை. 2016இல் பெக்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் நரம்பியல் ஆய்வுகளில் எலிகளை வைத்து அதே கணக்கைப் போட்டார்கள். அங்கும் அதே விடை.

ஆண் எலி அசையாத அளவுகோல் என்ற நம்பிக்கைதான் இங்கே உடைகிறது. ஒரு கூண்டில் நான்கு ஆண் எலிகளைச் சேர்த்துப் போடுங்கள். ஒன்று அடக்கும், மற்றவை அடங்கும். அடக்கியதற்கு ஓர் அளவு டெஸ்டோஸ்டிரோன், அடங்கியதற்கு வேறோர் அளவு. அதோடு தீவனமும் இருக்கிறது. 2006இல் லெஸ்லி லைன்வாண்டின் ஆய்வகம் ஒன்றைக் காட்டியது: இதயத் தசை தடிக்கும் மரபணுக் கோளாறுள்ள ஆண் சுண்டெலிகளுக்குச் சோயா கலந்த தீவனம் கொடுத்தபோது அவற்றின் இதயம் மோசமாகிக்கொண்டே போனது, பால் புரதமான கேசீன் தீவனத்துக்கு மாற்றியபோது நிலைமை தேறியது. பெண் சுண்டெலிகளை அந்தத் தீவன மாற்றம் அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை. சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்ளும் பொருள்கள் உண்டு. எலித் தீவன மூட்டைகளில் சோயா சேர்ப்பது வழக்கமான ஒன்று. ஹார்மோன் குழப்பத்துக்கு அஞ்சிப் பெண் எலியை வெளியே வைத்தவர், அதே குழப்பத்தைத் தீவனத் தட்டில் வைத்து ஆண் எலிக்கு ஊட்டிக்கொண்டிருக்கலாம். அதை அவர் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை.

2. குழப்பம் அவ்வளவு பெரிதென்றால் நச்சுச் சோதனையில் அது எங்கே போனது?

அந்த மாணவியின் திட்டத்தையே நாலு பக்கம் முன்னால் புரட்டுங்கள். பட்டைச் சாறு எந்த அளவில் விஷம் என்று பார்க்கும் பகுதி. நம் கல்லூரிகளில் மூலிகை ஆய்வு என்றால் இந்தப் படி பெரும்பாலும் ஓஇசிடி 423 நெறிமுறைப்படிதான் நடக்கும். படிக்கு மூன்று எலி. வழக்கமாகப் பெண் எலி. காரணத்தை நெறிமுறையே சொல்கிறது: இரு பாலுக்கும் வேறுபாடு பொதுவாகச் சிறிது, வேறுபாடு தெரிகிற இடங்களில் பெண்தான் சற்றுக் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது.

அதன்படி சாறு பெண் எலிக்குப் புகட்டப்படும். 2000 மில்லிகிராம் வரை சாகவில்லை என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது கிலோவுக்கு 200 மில்லிகிராம், மருந்தளவாக முடிவாகும். பிறகு அந்த அளவு ஆண் எலிக்குக் கொடுக்கப்படும். அளவை முடிவு செய்ய ஒரு பால், பலனைப் பார்க்க இன்னொரு பால்! இதை எந்தத் தர்க்கத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படிக்கு மூன்றே எலி உள்ள சோதனையில் சுழற்சி குழப்பவில்லை; பிரிவுக்கு ஆறு எலி உள்ள சோதனையில் குழப்புகிறது என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

மருந்துக் கம்பெனிகளின் நீண்டகால நச்சுச் சோதனைகளைப் பாருங்கள். 28 நாள் சோதனைக்குப் பிரிவுக்கு ஐந்து ஆண், ஐந்து பெண். 90 நாள் சோதனைக்குப் பத்து ஆண், பத்து பெண். பெண் எலி வேண்டாம் என்று எந்தக் கம்பெனியும் அங்கே சொல்ல முடியாது. ஆபத்து இருக்கிறதா என்று கேட்கும்போது பெண்ணைக் கூப்பிடுகிறோம். நன்மை இருக்கிறதா என்று கேட்கும்போது அவளை வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

3. “இதயம் ஒரு பம்புதானே?”

எங்கள் ஊரான திருவெறும்பூரின் சிவன் எறும்பீசருக்கு நீர் அபிஷேகம் கிடையாது. புற்று மண்ணால் ஆன திருமேனி, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சிவன் எல்லாம் சிவன்தானே என்று யாரும் அங்கே குடத்தோடு நிற்பதில்லை. எதனால் ஆனது என்று பார்த்துத்தான் எதை ஊற்றுவது என்று முடிவு செய்கிறோம்.

இதயத் தசை எதனால் ஆனது? ஐசோபுரோட்டரெனால் அட்ரினலினின் தம்பி. இதயத் தசையணுவின் மேலுள்ள பீட்டா ஏற்பியில் போய் உட்கார்ந்து, துடிப்பை வேகமாக்கி, அணுவுக்குள் கால்சியத்தைக் கூட்டி, நாள்கணக்கில் அப்படியே விரட்டிக்கொண்டிருந்தால் தசையணு தடிக்கிறது; சில அணுக்கள் மடிந்து அந்த இடத்தில் நார் படிகிறது. இந்தப் பாதையின் வாசலிலேயே ஹார்மோன்கள் நிற்கின்றன. சூலகத்தை எடுத்துவிட்ட எலிகளில் பீட்டா ஏற்பியின் செயல்பாடு கூடுவதும், ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அது தணிவதும் எலி ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கின்றன. இதயத் தசையணுவில் ஆண் ஹார்மோனுக்கான ஏற்பி இருக்கிறது, அதைத் தூண்டினால் அணு தடிக்கிறது என்று 1998இல் வெளியானது. ரத்த அழுத்தச் சுமையால் இதயம் தடிப்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டில் ஈஸ்ட்ரோஜனுக்கான பீட்டா வகை ஏற்பிக்கு (முன்பு சொன்ன அட்ரினலின் பீட்டா ஏற்பி வேறு) பங்குண்டு என்று 2005இல் சுண்டெலியில் காட்டினார்கள்.

இதனால் பெண்ணின் இதயம் எப்போதும் குறைவாகத்தான் பெருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதுவும் சோம்பல்தான். 2004இல் சுண்டெலிகளைச் சுழல் சக்கரத்தில் இஷ்டப்படி ஓடவிட்டுப் பார்த்தார்கள். பெண் சுண்டெலிகள் அதிக தூரம் ஓடின. அவற்றின் இதயம் ஆணுடையதைவிட அதிகமாகப் பெருத்தது. அது நோயால் வந்த பெருக்கமில்லை, உழைப்பால் வந்தது. கர்ப்ப காலத்தில் தாயின் இதயம் பெருப்பதைப் போன்றது. ஆக, பெருக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. எந்தத் தூண்டுதல், எவ்வளவு அளவு, எந்த வகை எலி, எந்த வயது என்பதைப் பொறுத்து இரு பாலின் விடையும் மாறுகிறது. தராசில் இதயத்தை வைத்து எடை பார்த்து முடித்துவிடுகிற ஆய்வில், அதுவும் ஒரே பாலில், இது எதுவும் தெரியப்போவதில்லை.

4. ஆண் எலியில் பலித்தால் பெண்ணிலும் பலிக்குமா?

எனக்கு மிகவும் கவலை தரும் வாதம் இதுதான், ஏனென்றால் இது அக்கறை போல வேஷம் போட்டு வருகிறது. கடினமான சூழலில் சோதிக்கிறோம், எளிய சூழல் தானாக அடங்கும் என்கிறார்கள்.

டாக்சோரூபிசினை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. அதன் விலையாக இதயம் பழுதாகித் தொய்ந்து பெருக்கலாம். வளர்ந்த எலிகளில் ஆண்தான் அதிகம் அடிபடுகிறது. அந்தத் தர்க்கப்படி சிறுமிகள் பத்திரமாக இருந்திருக்க வேண்டும். 1995இல் லிப்ஷுல்ட்ஸும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத்தில் இந்த மருந்து வாங்கிப் பிழைத்தவர்களைப் பல ஆண்டு கழித்துப் பார்த்தது. இதயப் பாதிப்புக்கு ஆபத்துக் காரணிகளாக அது சொன்னவற்றில் ஒன்று அதிக மருந்தளவு. இன்னொன்று பெண்ணாக இருப்பது. ஆண் எலியை ‘கடினமான சூழல்’ என்று நம்பியிருந்தால் எந்தக் குழந்தையைக் கூடுதலாகக் கவனித்திருக்க வேண்டுமோ அவளைத்தான் விட்டிருப்போம்.

டிஜாக்சின் கதை இன்னும் நேரடியானது. இதயச் செயலிழப்பு உள்ள 6800 பேரை வைத்து நடந்து 1997இல் வெளியான பெரிய சோதனை, இந்த மருந்து மொத்த இறப்பைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்றது. அதே புள்ளிவிவரங்களை 2002இல் பால்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து வாங்கிய பெண்களில் இறந்தவர்கள் 33.1 சதவீதம், வெற்று மாத்திரை வாங்கிய பெண்களில் 28.9 சதவீதம். ஆண்களில் அப்படி ஒரு கூடுதல் இல்லை. ரத்தத்தில் மருந்தின் அளவைக் குறைவாக வைத்தால் இந்த ஆபத்து தணியும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் கேள்வி அங்கேயே நிற்கிறது: அந்தச் சோதனையில் பெண்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான். அவர்களுக்கு நடந்தது மொத்தக் கணக்குக்குள் கரைந்துபோயிருந்தது. பிரித்துப் பார்க்கும்வரை அது தெரியவில்லை.

ஐசோபுரோட்டரெனால் ஊசிக்கே வருகிறேன். மனிதரில் அதற்கு மிக நெருங்கிய நோய் எது? அட்ரினலின் வெள்ளத்தில் இதயம் திடீரென்று பலூன் போல உப்பித் தள்ளாடும் நோய் ஒன்று உண்டு. ஜப்பானில் 1990இல் முதலில் விவரித்தார்கள், சாக்குக்கணவாய் பிடிக்கும் பானையின் வடிவத்தில் இதயம் தெரிந்ததால் டாக்கொட்சுபோ என்று பெயர். துக்கச் செய்தி, விபத்து, பெரும் அதிர்ச்சி இவற்றுக்குப் பின் வருவது. இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். அட்ரினலின் வகை மருந்தால் இதயம் கெடுவதை ஆராயும் நம் கூடங்களில் அவர்களின் பிரதிநிதியாக நிற்பது இரண்டு மாதமே ஆன ஆண் எலி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இளம் பெண் எலியைச் சேர்த்துவிட்டால் அந்த மாணவியின் அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிடாது. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். முதிர்ந்த பெண் எலியோ, சூலகம் நீக்கிய எலியோ வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு அருகில் போக முடியும். ஆனால் பெண்ணைச் சேர்க்கும் முதல் படியையே ஏறாதவர் இந்த இரண்டாம் படியைப் பற்றி யோசிக்கப்போவதில்லை.

5. முன்னோர் வழி என்கிறீர்கள். முன்னோர் என்ன செய்தார்கள்?

இந்த ஊசி முறையை உலகுக்குக் கொடுத்தவர்கள் ரோனா, சாப்பல், பலாஷ், கோட்ரி என்ற நால்வர். ஐசோபுரோட்டரெனால் எலியின் இதயத்தில் மாரடைப்பு போன்ற சிதைவை உண்டாக்குகிறது என்று அவர்கள் எழுதியது 1959இல். நம் நாட்டு மூலிகை ஆய்வுகள் பலவற்றில் இரண்டு நாள் தொடர்ந்து கிலோவுக்கு 85 மில்லிகிராம் என்று வரும் பெரிய அளவு ஊசியும், வாரக்கணக்கில் 5 மில்லிகிராம் போட்டுப் பெருக்க வைக்கும் சிறிய அளவு ஊசியும் அந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளைகள்.

அதே நால்வர் அதே 1959இல் இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள். எலியின் வகை, வயது, பால் ஆகியவை இந்த இதயச் சிதைவை எப்படி மாற்றுகின்றன என்பதே அதன் பொருள். முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு முதல் ஆண்டிலேயே எழுந்த கேள்வி இது. முறையைக் கடன் வாங்கியவர்கள் ஊசியை வாங்கிக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார்கள்.

வயதும் இதில் ஒளிந்திருக்கிறது. ‘150–200 கிராம்’ என்று எடையை வைத்து எலி எடுப்பது வழக்கம். ஒரே வயதில் விஸ்டார் வகைப் பெண் எலி ஆணைவிட இலேசாக இருக்கும். ஒரே எடைக்குள் இரண்டையும் எடுத்தால் பெண் எலி மூத்ததாக இருக்கும். பின்னர் இதய எடையை உடல் எடையால் வகுத்து விகிதம் போடுகிறார்கள். ஊசியால் உடல் எடையே மாறினால் அந்த விகிதம் ஏமாற்றும். கீழ்க்கால் எலும்பின் நீளத்தால் வகுப்பது நம்பகமானது என்று 1980களிலிருந்தே சொல்லிவருகிறார்கள். ஓர் அளவுமானி போதும், செலவு என்று எதுவுமில்லை. பெண் எலி முரண்டு பிடிக்கிறது என்று எழுதப்பட்ட சில ஆய்வுகளில் முரண்டு பிடித்தது இந்த வகுத்தல் கணக்காகக்கூட இருக்கலாம்.

6. மனிதச் சோதனை பார்த்துக்கொள்ளுமா?

பார்த்துக்கொண்ட லட்சணம் பதிவில் இருக்கிறது. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. 2001இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஒரு கணக்கு சொன்னது: 1997 முதல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட பத்து மருந்துகளில் எட்டு, பெண்களுக்குக் கூடுதல் ஆபத்தானவை. அவற்றில் நான்கில் பெண்களே அந்த மருந்தை அதிகம் வாங்கியது காரணமாக இருக்கலாம் என்றும் அந்த அறிக்கையே சொல்லியது. மற்ற நான்கு? ஆணும் பெண்ணும் பரவலாக வாங்கிய மருந்துகள் அவை.

நம் தெருவுக்கு வருவோம். சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் சாப்பிடுகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எலி, சுண்டெலி, நாய் மூன்றிலும் இந்த மருந்தால் இதயம் பெருத்ததை அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது. எலிக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராமிலிருந்தே தெரிந்தது. மனிதரில் அது உடலில் நீர் கோப்பதாகவும் சிலருக்கு இதயச் செயலிழப்பாகவும் வந்தது. சிறுநீர்ப்பைக் கட்டி எலிகளில் ஆணுக்கே தெரிந்தது. எலும்பு முறிவோ மனிதரில் பெண்ணுக்குத் தெரிந்தது: ஒரு பெரிய சோதனையில் மருந்து வாங்கிய பெண்களில் 5.1 சதவீதம், வெற்று மாத்திரை வாங்கிய பெண்களில் 2.5 சதவீதம். ஆண்களில் கூடுதல் இல்லை. இந்திய அரசு 2013 ஜூனில் இந்த மருந்தின் விற்பனையை நிறுத்தியது; ஜூலை முடியும்போது எச்சரிக்கைக் குறிப்போடு திரும்ப அனுமதித்தது. ஒரே மாத்திரை, இரண்டு பாலுக்கு இரண்டு விதமான கணக்கு. இது மருந்து சந்தைக்கு வந்து பல ஆண்டு கழித்து, எத்தனையோ அம்மாக்களின் எலும்பின் மீது எழுதித் தெரிந்துகொண்ட பாடம்.

மருதம்பட்டைக்கோ அந்தப் பாடமும் கிடைக்காது. காவிரிக் கரையில் நிற்கும் மரம். நாட்டு மருந்துக் கடையில் பொடியாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். கம்பெனி மருந்துக்கு நடப்பதைப் போல ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பெரிய மனிதச் சோதனை நடந்த பிறகா அந்தப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது? ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்ற பேச்சுக்குப் பின்னால் நிற்பவற்றில் பெரும்பகுதி இந்த எலிச் சோதனைகள்தான். ஆகவே எலிக் கூண்டில் விட்ட பிழையைப் பின்னால் வந்து திருத்த இங்கே யாருமில்லை.

7. எண்ணிக்கையும் காசும்.

இரு பாலும் என்றால் 24 எலி 48 ஆக வேண்டும் என்பது கணக்குப் பிழை. பிரிவுக்கு ஆறு ஆண் எடுக்கும் இடத்தில் மூன்று ஆண், மூன்று பெண் எடுக்கலாம். மொத்தம் அதே 24. பாலை ஒரு காரணியாகச் சேர்த்துப் பகுப்பாய்வு செய்தால் மருந்தின் பொதுவான பலனை ஏறக்குறைய அதே கூர்மையோடு பார்க்க முடியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பலன் வேறுபடுகிறதா என்பதை இந்த அளவில் உறுதியாகச் சொல்ல முடியாது, வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தாலொழிய. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறு ஆண் எலி வைத்த ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாதபடி கதவைச் சாத்திவிடுகிறது. அரைகுறைத் தடயமும் கிடைக்காத இடத்தைவிடத் தடயம் கிடைக்கும் இடம் மேல்.

உயிர் எண்ணிக்கையைக் காரணம் காட்டுகிறவர்களிடம் எனக்கு இன்னொரு கேள்வி உண்டு. எலி ஈனும் குட்டிகளில் ஏறத்தாழ பாதி பெண். எல்லாக் கூடங்களும் ஆண் எலி மட்டும் வாங்கினால், இனப்பெருக்கத்துக்கும் நச்சுச் சோதனைக்கும் தேவைப்படாமல் எஞ்சும் பெண் குட்டிகள் என்ன ஆகின்றன? அவை எந்த ஆய்விலும் எண்ணப்படாமல் முடிகின்றன. நெறிமுறைக் குழுவின் தாளில் 24 என்று இருக்கலாம். பண்ணையில் செத்தது அதைவிட அதிகம். மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று கொள்கைகளை ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதியதும் 1959இல்தான், ரோனாவின் கட்டுரை வந்த அதே ஆண்டில். புதுக்கோட்டைச் சாலையில் உள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், உயிரியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்று தேடுவதற்கென்றே மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் அமைந்தது. விலங்கு உயிரைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டிய ஊர் அல்ல நம் ஊர். குறைப்பு என்பதைக் கூண்டுக்குள் எத்தனை என்று மட்டும் எண்ணாமல், பிறந்தவற்றில் எத்தனை வீணாயின என்றும் எண்ணினால், பாதி ஆண் பாதி பெண் என்ற அந்த மாணவியின் வரிதான் குறைப்பு.

சுழற்சியைப் பார்க்க ஆளில்லை என்ற புகாருக்கு, பார்க்க வேண்டியதில்லை என்பது பதில். முதல் மறுப்பில் சொன்ன 293 கட்டுரைகள் அதைத்தான் காட்டுகின்றன. சுழற்சியே ஆய்வுப் பொருளாக இருந்தால் தவிர, பெண் எலியை எந்த நாளிலும் எடுக்கலாம்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், முதுகெலும்புள்ள விலங்குகளில் நடக்கும் ஆய்வுக்கு நிதி கேட்பவர், பாலை எப்படிக் கணக்கில் எடுக்கிறார் என்று எழுத வேண்டும், ஒரே பால் என்றால் வலுவான காரணம் தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதித்திருக்கிறது. நமக்கு அதற்கு வெளிநாட்டு உத்தரவு தேவையில்லை. நம் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்தில் எலியின் பால் எது என்று எழுதுகிறோம். அதற்குப் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு வரி கேட்டால் போதும். “எல்லாரும் அதைத்தான் எடுக்கிறாங்க” என்பதை அந்த வரியில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த வழிகாட்டிக்கும் கை வராது.

அந்த மாணவியை அன்று மாலை மலைக்கோவில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். திட்டத்தைத் திருத்தித் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்றாள். அடித்த வரிக்குக் கீழே மூன்று காரணம் எழுதிக் கொடு என்று சொன்னேன்: நச்சுச் சோதனையில் எடுத்த பால், ரோனாவின் இரண்டாவது கட்டுரை, யார் குடிக்கப்போகிறார்கள் என்பது. பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாவதை முதலில் எழுதிக்கொண்டாள்.